ருக்மணியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை

ருக்மணியின் கண்களை இரண்டு வருடத்தில் நான்கு டாக்டர்கள் பார்த்தார்கள். நால்வரும் பாஸ் போட்டு அனுப்பினார்கள். ஐந்தாவதாகப் பார்த்தவர் கண் டாக்டரே இல்லை. அவர்தான் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குள் வெதுருகுப்பத்தில் ஒரு மனிதர் மாந்தோப்பில் சுருண்டு விழுந்து, பிழைத்து எழுந்து, அந்தப் பழி அவர் மனைவியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் இது ருக்மணியின் கதையாக இருக்காது.

ஆந்திராவின் தமிழ் எல்லையில், நகரி ரயில் நிலையத்துக்குப் போகும் ரோட்டில் டாக்டர் உமாபதியின் கிளினிக் இருக்கிறது. ருக்மணி அங்கே பெருக்கித் துடைக்கப் போனபோது அவளுக்கு இருபத்தேழு வயது. கணவன் ஜெயச்சந்திரனுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவள் படித்தது பத்தாவது வரை, தமிழ் மீடியம். எட்டிலும் ஒன்பதிலும் நான்தான் அவளுக்குத் தமிழ் டீச்சர். தெலுங்கை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் போர்டையும் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டாள். மாத்திரைப் பெயர்களைப் படித்து இங்கிலீஷும் வந்தது. இரண்டே வருடத்தில் துடைப்பத்திலிருந்து காயம் கட்டும் பஞ்சுக்கும், பஞ்சிலிருந்து மருந்து ஜன்னலுக்கும் நகர்ந்தாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தாள்.

நகரியில் காய்ச்சல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் அதட்டலிலேயே காய்ச்சல் இறங்கியது, மீதிப் பேர்தான் மாத்திரை வாங்கினார்கள் என்று நான் சொல்வதுண்டு. நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்பது எங்கள் தெரு வழக்கம். ஆனால் இது மெய்: படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரைக் கவர்மேல் அவள் படம் போடுவாள். காலைக்குக் கதிர் வைத்த சூரியன், மத்தியானத்துக்குச் சோற்றுத் தட்டு, ராத்திரிக்குப் பிறை. எந்த பாஷைக்காரருக்கும் புரிந்தது.

முதலில் கெட்டது அந்தச் சூரியன்தான். என் மூட்டுவலி மாத்திரைக் கவரில் கதிர்களெல்லாம் சூரியனை விட்டு விலகி ஓரமாய் நின்றன. "இன்னாடி, உன் சூரியனுக்கு முடி கொட்டிப்போச்சா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கவரை வாங்கித் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இந்த முறை கதிர்கள் கவரை விட்டே இறங்கி மேஜையில் ஓடின.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காப்பி டம்ளரை எடுக்க நீட்டிய கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி வெறும் மேஜையைப் பிடித்தது. டாக்டர் அறை வாசலில் போட்ட கறுப்பு மிதியடியை அவள் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். கேட்டால், "பள்ளம் மாதிரி கீது டீச்சர். பள்ளம் இல்லன்னு தெரியுது, காலு ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள். ரோட்டில் மோட்டார் சைக்கிள் வருவது தெரியாது, திடீரென்று முளைத்து நிற்கும். கண்ணாடி மாற்றினார்கள். இன்னொரு கண்ணாடி மாற்றினார்கள். புத்தூர் முகாமில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள்; ஒவ்வொரு எழுத்தாகக் கடைசி வரி வரை சொன்னாள். சித்தூரில் புரை லேசாக இருக்கிறதென்று ஆபரேஷனும் ஆயிற்று. பச்சைத் துணியை அவிழ்த்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கையில் இருந்த டிக்கெட்டின் பொடி எழுத்து தெரிந்தது. இதை யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா? ஜெயச்சந்திரனே நம்பவில்லை. "வேலைக்குப் போவ சோம்பேறித்தனம்" என்றான். அவளோ காய்ச்சலோடுகூட வேலைக்குப் போகிறவள்.

எழுத்துகள் தனித்தனியாய் நிற்கும், சேர்த்துப் படிக்கப் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்று பிற்பாடு சொன்னாள். அப்போது சொல்லவில்லை. மறைத்தாள். எப்படி மறைத்தாள் என்பதுதான் எங்கள் ஊர் விசேஷம். இரண்டு பாஷைக்கு நடுவில் இருக்கிற ஊரில் ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொன்றை ஏமாற்றலாம்.

ஒருநாள் காலையில் நான் பெஞ்சில் இருந்தேன். தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "நாதி தமிழ் மீடியம் அம்மா, தெலுகு சதவடம் ராது" என்று ருக்மணி கையை விரித்தாள். தனக்குத் தெலுங்கு படிக்க வராதாம். கால் மணி நேரம் போயிருக்காது. சத்தியவேடு பக்கத்து விவசாயி ஒருவர் திருத்தணியில் வாங்கிய தமிழ்ச் சீட்டை நீட்டினார். "ஐய, எனக்குத் தமிழு மறந்தே பூட்ச்சு நைனா. முப்பது வருசமா எல்லாம் தெலுங்குதான்" என்றாள் அதே ருக்மணி.

என் வகுப்பில் செய்யுளைப் பிழையில்லாமல் எழுதின பெண். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், என் முகத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாக.

ஒழுங்கான டீச்சராக இருந்தால் நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கோ நல்ல பொய்யைக் கேட்டால் கை கொடுக்கத் தோன்றும். விவசாயி முணுமுணுத்தார், "படிக்கத் தெரியாத பொம்பளைய மருந்துக்கு ஒக்கார வெச்சிக்கீறாங்க."

"அவளுக்குப் படிப்பு எதுக்குங்க?" என்றேன். "கண்ண மூடிக்கினே எடுப்பா. ஒருவாட்டி புயல்ல கரண்டு போய் நாப்பது பேருக்கு இருட்டுலயே மாத்திரை கட்டுனா. ஒண்ணுகூட மாறல. டாக்டரே டார்ச் அடிச்சுப் பாத்துட்டு டார்ச்சத் தூக்கி வெச்சிட்டாரு."

பெஞ்சே வாயைப் பிளந்தது. அந்தக் கதை மத்தியானத்துக்குள் ரயில் ஏறியது. புத்தூரில் நாற்பது பேர் நூறு பேரானார்கள். திருப்பதியில் அவள் கண்ணில் துணி கட்டியிருந்தது. திரும்பி நகரிக்கு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. அதன்பிறகு அவள் தடவித் தடவி மாத்திரை எடுத்ததை யாரும் தப்பாக நினைக்கவில்லை. வித்தை என்று நினைத்தார்கள்.

உண்மையில் அவள் இடம் பார்த்து எடுத்தாள். பழைய மர அடுக்கில் எது எந்தத் தட்டில், ஓரத்திலிருந்து எத்தனாவது என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். அப்படியும் ஒருமுறை எனக்கு மூட்டுவலிக்குப் பதில் சளி மாத்திரை வந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் ஆபத்தில்லை. அவள் வீட்டுக்குப் போய்க் கவரை அவள் மடியில் வைத்தேன்.

"என் முட்டிக்கு சளி புடிச்சிருக்குன்னு நெனச்சியா?"

சிரிக்கவில்லை. கவரைத் தடவிப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க டீச்சர். அந்த ஜன்னல் போச்சுன்னா நான் ஆருன்னு எனக்கே தெரியாது."

நான் சொல்லவில்லை. என் ஆயுளில் காப்பாற்றின ரகசியங்கள் குறைவு. அதைக் காப்பாற்றியிருக்கக் கூடாது.

போன வருடம் மார்ச்சில் உமாபதி கிளினிக்குக் கண்ணாடி பீரோ வாங்கினார். ஸ்ரீதேவி என்ற பார்மசி படித்த பெண்ணை உதவிக்கு வைத்தார். நல்ல பெண். நல்ல எண்ணத்தோடுதான் எல்லா மாத்திரையையும் ஏ, பி, சி, டி வரிசையில் அடுக்கினாள். மூன்றே வாரத்தில் வெதுருகுப்பத்திலிருந்து கோவர்த்தனன் வந்தார். மாந்தோப்புக்காரர்; பிறந்த ஊர் நகரி; பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் உமாபதியிடம்தான் வருவார். ஸ்ரீதேவி சாப்பிடப் போயிருந்தாள். ருக்மணி கவர் கட்டிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் தோப்பில் மருந்தடிக்கும்போது கோவர்த்தனனுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்தார். வெயில் என்று தண்ணீர் தெளித்தார்கள். எழுந்திருக்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் தெளிந்தார். சர்க்கரை வியாதியே இல்லாதவர் சர்க்கரை மாத்திரை தின்றிருக்கிறார் என்றார்கள்.

உமாபதிக்குப் போன் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "இன்ட்லோ எவரிகைனா சுகர் உந்தா?" என்று கேட்டார். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று. இருந்தது. மனைவி ரத்தினம்மாவுக்கு. "அப்போ வீட்லதான் மாறியிருக்கும்" என்றார் டாக்டர். அதோடு முடிந்தது. புருஷனுக்குத் தன் மாத்திரையைக் கொடுத்துச் சாகடிக்கப் பார்த்தவள் என்று ரத்தினம்மாவுக்குப் பெயர் வந்தது. சிலர் கவனக்குறைவு என்றார்கள். நகரியிலேயே இருக்கும் நாத்தனார் துர்காதேவி அதைவிட மோசமான வார்த்தையைச் சொன்னாள்.

இந்தச் சேதி நகரிக்கு வந்த அன்று சாயங்காலம் ருக்மணி என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஒரே படி. அதற்கு முன்னால் நின்று, காலை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டாள். போய்க் கைபிடித்து ஏற்றினேன்.

"டீச்சர், நான் மூணாவது தட்டுல இடதுபக்கம் ரெண்டாவது அட்டைய எடுத்தேன். பழைய அடுக்குல அதான் பிரஷர் மாத்திரை. புது பீரோல அங்க இன்னா கீதுன்னு இன்னிக்கு ஸ்ரீதேவிய விட்டுப் படிக்கச் சொன்னேன். சர்க்கரை மாத்திரை."

"ஸ்ரீதேவிக்குத் தெரியுமா?"

"எதுக்குக் கேட்டேன்னு அவளுக்குத் தெரியாது. அன்னிக்கு செவ்வாக்கெழம. பச்சை சட்ட போட்டுக்கினு இருந்தாரு. தோப்புல பிஞ்செல்லாம் உதிருதுன்னு சொன்னாரு. அல்லாம் ஞாபகம் கீது. எழுத்துதான் தெரியல."

அன்றைக்கே நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. முதலில் வைத்தியம் பார்க்கலாம் என்றேன். அது சாக்கு என்று இருவருக்கும் தெரியும். அவள் ஜன்னலில் உட்கார்ந்தபடி இருந்தாள். எல்லாக் கவரையும் ஸ்ரீதேவி ஒருமுறை பார்த்துத்தான் தர வேண்டும் என்று உமாபதி ஏற்பாடு செய்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

ஜூலையில் அவள் மகள் சந்தியா இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனியில் வேலை. வந்த அன்று, அம்மா ரவிக்கையின் கைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். தட்டிலிருந்த வெள்ளை இட்லியை விட்டுவிட்டு வெறும் தட்டைக் கிள்ளுவதைப் பார்த்தாள். "நைனா, இது கண்ணு இல்ல" என்று அப்பாவிடம் சொன்னாள். மறுநாளே திருப்பதிக்குக் கிளம்பினோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். போகும் பஸ்ஸில் ருக்மணி வெதுருகுப்பத்து விஷயத்தைப் புருஷனிடமும் மகளிடமும் சொல்லிவிட்டாள்.

அங்கே எங்களைப் பார்த்த நரம்பு டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணில் டார்ச்சே அடிக்கவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். ருக்மணி ஒரு வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வட்டத்துக்கு வெளியே ஒரே பக்கம் குவித்தாள். கோவில் தேர்த் திருவிழாப் படம் ஒன்றைக் காட்டி என்ன தெரிகிறது என்றார். வெகுநேரம் பார்த்தாள். "கயிறு" என்றாள். தேரும் தெரியவில்லை, ஜனமும் தெரியவில்லை. ஜெயச்சந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்ததும் டாக்டர் சொன்னார். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும்மா. கண்ணு பாத்து அனுப்பறத பின்மண்டை வாங்கி என்னன்னு புரிஞ்சிக்கணும். அந்த எடம் சுருங்கிக்கிட்டு வருது. அல்சைமர்ல இது ஒரு வகை."

"அது மறதி நோயாச்சே சார்" என்றான் ஜெயச்சந்திரன். "இவளுக்கு மறதியே கெடையாது. எங்க கல்யாணத்துல எங்கம்மா சொன்ன வார்த்தைய இன்னிக்கும் சொல்லிக் காட்டுறா."

"சில பேருக்கு மறதியில ஆரம்பிக்காது. பார்வையில ஆரம்பிக்கும். மறதி பின்னால வரும்."

ருக்மணி சொன்னாள், "சீட்டு சரியாத்தான் வருது. ஜன்னல்ல வாங்கறதுக்கு ஆளு இல்ல. அப்டித்தான சார்?"

"அப்படித்தான்மா" என்றார். படி விளிம்பில் பளிச்சென்று கலர் டேப் ஒட்டுங்கள், கறுப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள், சோற்றுக்குக் கலர்த் தட்டு வையுங்கள் என்று சந்தியாவிடம் சொல்லிக்கொண்டே போனார். குணமாவதற்கு மாத்திரை இல்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

"மறதி எப்ப வரும் சார்?" என்று கேட்டாள் ருக்மணி.

"சொல்ல முடியாதும்மா. ஒரு வருஷம், மூணு வருஷம்."

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். ஜெயச்சந்திரன் மெல்ல ஆரம்பித்தான். "டாக்டர் உமாபதிகிட்ட கண்ணு ஆபரேஷன்னு மட்டும் சொல்லிக்கலாம். ஸ்ரீதேவிதான் சரி பாக்குதே. நீ சும்மா ஒக்காந்துக்கினு இரு. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்லாம்."

"வெதுருகுப்பத்துக்கு பஸ் எங்க நிக்கும்?" என்றாள் அவள்.

"பைத்தியமா உனக்கு? போலீசு கேஸுன்னு போனா?"

"மூணாவது தட்டு, எடது பக்கம், ரெண்டாவது அட்ட. இது என் தலையிலதான் கீது. ஸ்ரீதேவி அப்பறம் ரெண்டுவாட்டி பீரோவ மாத்திட்டா. நான் மறந்துட்டா அந்தம்மா ஆயுசுக்கும் அப்டியே கெடப்பா. மறதி வர்றதுக்கு முன்ன போவணும்."

ஜெயச்சந்திரன் என்னைப் பார்த்தான், நான் தடுப்பேன் என்று. "வாயா, போவலாம்" என்றேன். அவன் வரவில்லை. நகரி பஸ்ஸில் ஏறிக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

கோவர்த்தனன் நடையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். ருக்மணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ரத்தினம்மா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். ருக்மணி உட்காரவில்லை. நின்றபடியே செவ்வாய்க்கிழமை, பச்சைச் சட்டை, மூன்றாவது தட்டு என்று வரிசையாகச் சொன்னாள். "மாத்திரைய மாத்திக் குடுத்தது நான். உங்க வூட்ல மாறல. எனக்குக் கண்ணு படிக்கல, ரெண்டு வருசமா மறைச்சிக்கினு இருந்தேன்."

"கவர்ல இருந்த அட்டைய நான் படிச்சிக்கூடப் பாக்கலம்மா" என்றார் கோவர்த்தனன். "வேற ஆளு குடுத்திருந்தா மேல எழுதுனத பாத்திருப்பேன். அட்டகூட வேற நெறமாத்தான் இருந்துச்சு. நீதான் கண்ண மூடிக்கினு எடுத்தாலும் தப்பாதுன்னு சொன்னாங்களே. புயலு, நாப்பது பேரு."

"அந்தக் கதை என்னுது" என்றேன். "புயலும் இல்ல, நாப்பது பேரும் இல்ல. நான் கட்டிவிட்டது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் என்றால் தாங்கியிருப்பேன். நல்ல கதை ஒன்றை இழந்த மாதிரி பார்த்தார்.

ரத்தினம்மா ருக்மணிக்கு எதிரில் வந்து நின்றாள். "மூணு மாசம். இந்த வூட்ல நான் கலக்குன காப்பிய ஆரும் குடிக்கல. அவரு சோத்த அவரே போட்டுக்கினு துன்னாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"கண்ணு தெரியலன்னா அங்க ஏன் ஒக்காந்த?"

சந்தியா வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். ரத்தினம்மா உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். "இப்ப சொன்னியே, அதே வார்த்தைய எங்க நாத்தனாகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

"அம்மா, வேணாம்மா" என்றாள் சந்தியா. "அவங்க நகரியிலதான கீறாங்க. பத்து நிமிசத்துல கிளினிக்குக்குப் போயிடும்."

"போவட்டும்" என்றாள் ருக்மணி. போன் இருந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளிக் கையை நீட்டினாள். ரத்தினம்மா அந்தக் கையையே பார்த்தாள். வெறும் காற்றில் திறந்து நின்ற கை. கொஞ்சம் தாமதித்து, போனை அதில் வைத்தாள்.

துர்காதேவிக்குச் சொன்னாள். பிறகு மைத்துனர் கிருஷ்ணப்பாவுக்கு. பிறகு மருமகள் வீட்டாருக்கு. செவ்வாய்க்கிழமை, பச்சைச் சட்டை, மூன்றாவது தட்டு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்றாவது போன் முடிந்ததும் ரத்தினம்மா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போதும். உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு போவாத."

"அதுக்கு வரலம்மா."

நாங்கள் பஸ்ஸுக்கு நடக்கும்போதே ருக்மணியின் போன் அடித்தது, சந்தியா எடுத்து அவள் கையில் கொடுத்தாள். உமாபதி. கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கைத் தவிர வேறு வராது. கிளினிக் மானம், முப்பது வருஷம், நீ எனக்குச் சொல்லாமல் எப்படி என்று எங்களுக்கே கேட்டது. அவள் முழுக்கக் கேட்டாள்.

"சார், நாளையிலேர்ந்து ஜன்னலுக்கு ஸ்ரீதேவிய ஒக்கார வெச்சிடுங்க. அந்தப் பொண்ணு படிச்சுப் பாத்துத்தான் குடுக்கும். நான் வரல."

எதிர்ப்பக்கம் போனை மேஜையில் வைத்த சத்தம். அவர் அணைக்கவில்லை போலிருக்கிறது. இங்கே ருக்மணிக்கும் அணைக்கிற பொத்தான் எது என்று தெரியவில்லை. போன் திறந்தபடியே இருந்தது. யாரோ இருமினார்கள். பீரோக் கதவு நகர்ந்தது. ஒரு கிழவர் குரல் கேட்டது. "ருக்மணியம்மா எங்க? இந்த மாத்திரை காலையிலயா, ராத்திரியா?"

சந்தியா அணைக்கக் கை நீட்டினாள்.

"இரு" என்றாள் ருக்மணி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நடந்தாள். ஸ்ரீதேவி அந்தக் கிழவருக்குப் பொறுமையாகப் படித்துச் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.